தலையெழுத்தும் கார்ட்டிசாலும்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்து அம்மா ஒருவர். அவருடைய இரண்டு பையன்களும் ஒரே வண்டியில் போய் ஓசூர் ரோட்டில் விழுந்தார்கள். இருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. மூத்தவன் மறுநாளே எழுந்து காபி கேட்டான். சின்னவன் வென்டிலேட்டரில். "ரெண்டும் நான் பெத்ததுதானே டாக்டர், இவனுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று ஐசியு வாசலில் கேட்டார். "எல்லாம் தலையெழுத்து" என்றார் கூட வந்த பாட்டி.

அடி எங்கே, எவ்வளவு வேகத்தில் விழுந்தது என்பதுதான் முதல் காரணம். ஆனால் பாட்டி சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஏபிஓஇ என்றொரு மரபணு. அதில் ஈ4 வகை இருப்பவர்களில் சிலர், பலத்த தலைக்காயத்துக்குப் பிறகு மெதுவாகத்தான் தேறுகிறார்கள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று வருவதால் கூடப்பிறந்தவர்களுக்குள்ளேயே இது மாறும். தெரிந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்பதால் ஐசியுவில் நாங்கள் இதைப் பார்ப்பதில்லை. யாராவது இதற்கென்று டெஸ்ட் பேக்கேஜ் விற்றால், அந்தப் பணத்தில் நல்ல ஹெல்மெட் வாங்குங்கள்.

புரதங்களின் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். மூளைச் செல்கள் உடையும்போது ஜிஎஃப்ஏபி, யுசிஎச்-எல்1 என்ற புரதங்கள் ரத்தத்தில் கசியும். 2018இல் அமெரிக்காவில் இதற்கான ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. அது லேசான காயத்துக்கு சிடி ஸ்கேன் தேவையா என்று முடிவுசெய்யத்தான்; பிழைப்பாரா என்று சோதிடம் சொல்ல அல்ல.

ஹார்மோன் விஷயம் வேறு. அடிபட்டவுடன் அட்ரினலினும் கார்ட்டிசாலும் ரத்தத்தில் கொட்டும். உயிரைக் காக்கத்தான். அளவு மீறினால் சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் சர்க்கரை எகிறும், இதயம் திணறும். சரி, கார்ட்டிசாலின் உறவான ஸ்டீராய்டைக் கொடுத்தால் மூளை வீக்கம் வடியுமே என்று பல வருடம் மருத்துவர்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிராஷ் என்ற ஆய்வு பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்து 2004இல் முடிவைச் சொன்னது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், மருந்து பெறாதவர்களில் நூற்றுக்குச் சுமார் 18, பெற்றவர்களில் 21. அதோடு அந்தப் பழக்கத்தை விட்டோம்.

சின்னவனுக்கு நடந்ததைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்து, வாயில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். மயக்கத்தில் தலை முன்னால் சாய்ந்தால் மூச்சுப்பாதை அடைபடும். தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். வந்து சேரும்போது ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது. பலத்த தலைக்காயத்தில் ரத்த அழுத்தத்தின் மேல் எண் ஒருமுறை 90க்குக் கீழே போனாலே இறப்பு அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பு. 108ஐக் கூப்பிட்டுவிட்டு, கழுத்து அசையாமல் பிடித்து, மூச்சுவிடுகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

அவன் பிழைத்தான். நான்கு மாதம் கழித்து அம்மா அழைத்து வந்தார். "எந்நேரமும் தூக்கம் டாக்டர், சாப்பாடும் வேண்டாங்கிறான். சோம்பேறியாயிட்டான்." எழுந்து நின்றால் தலைசுற்றல். காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தோம். கார்ட்டிசால் மிகக் குறைவு. விபத்தில் பட்ட அடியில், கார்ட்டிசாலைச் சுரக்கச் சொல்லி உத்தரவிடும் பிட்யூட்டரி சுரப்பியும் பாதிக்கப்பட்டிருந்தது. விபத்தன்று கொட்டிய ஹார்மோன் இப்போது வற்றிப்போயிருக்கிறது.

கார்ட்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டு மாத்திரை எழுதினேன். "ஸ்டீராய்டுன்னா ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. அன்று அது வேண்டாத மருந்து. இன்று உடம்பு தயாரிக்க மறந்ததை அளந்து ஈடுகட்டுகிறோம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றேன். அடுத்த முறை பையன் தனியாகவே வந்தான், மெட்ரோவில்.