போன் இருக்கிறது, சிக்னலும் இருக்கிறது, பணம் மட்டும் போய்ச் சேரவில்லை

நிவாரணப் பணத்தை மொபைல் வழியாக அனுப்பும் திட்டங்களுக்குக் கள ஆய்வு செய்வது என் வேலை. முன்பு எங்கள் படிவத்தில் இரண்டே கேள்விகள் இருந்தன. வீட்டில் போன் இருக்கிறதா? சிக்னல் கிடைக்கிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று வந்துவிட்டால் ஊர் தயார் என்று எழுதிவிடுவோம்.

அப்படி எழுதிய ஓர் ஊரில், பணம் எடுக்காதவர்களைத் தேடிப் போனேன். ஒரு பாட்டி தன் பட்டன் போனை பாலித்தீன் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். போன் அணைந்திருந்தது. ஏன் என்று கேட்டேன். “சார்ஜ் போயிடும்ல தம்பி. சாயங்காலம் ஒரு வாட்டி போடுவேன், மகன் பேசுவான், அணைச்சிடுவேன்” என்றார். பணம் எடுக்கத் தேவைப்படும் ரகசிய எண்ணை நாங்கள் குறுஞ்செய்தியில் காலை 11 மணிக்கு அனுப்பியிருந்தோம். சில நிமிடங்களில் அது காலாவதியாகிவிடும். அவர் சொன்ன இரண்டு ‘ஆம்’களும் உண்மைதான், நாங்கள் கேட்டதுதான் போதவில்லை.

அதனால் இப்போது கரண்ட்டைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறேன். போனுக்கு எங்கே சார்ஜ் போடுகிறீர்கள், வாரத்தில் எத்தனை தடவை, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், காசு கொடுக்க வேண்டுமா? கொடுக்க வேண்டும் என்றால் அந்தச் செலவையும் உதவித் தொகையில் சேர்க்கச் சொல்கிறேன். பெண்களிடம் தனியாகப் பேசுவது அவசியம். ‘வீட்டில் போன் இருக்கிறது’ என்பதற்கு, அதை ஆண்கள் வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள் என்பதும் பல இடங்களில் பொருள்.

அப்புறம் டவருக்கு எங்கிருந்து கரண்ட் வருகிறது என்று பார்க்க வேண்டும். பலரும் விட்டுவிடும் இடம் இதுதான். மின்சாரம் போனால் டவர் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். பிறகு ஜெனரேட்டர் வேண்டும், அதற்கு டீசல் வேண்டும், டீசல் வரச் சாலை வேண்டும். 2017இல் மரியா புயல் தாக்கியபின் கரீபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோவில் செல்போன் கோபுரங்களில் சுமார் 95 சதவீதம் செயலிழந்தன. பணம் மிகவும் தேவைப்படும் நாளில்தான் பணம் வரும் வழியும் அடைபடுகிறது. டவர் காவலாளியிடம் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். கடைசியாக எப்போது அணைந்தது, டீசல் யார் கொண்டுவருகிறார், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றெல்லாம் சொல்லிவிடுவார்.

சிக்னலைப் பொறுத்தவரை, மொபைல் நிறுவனங்களின் வரைபடத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். பெரும்பாலும் அது கணினி போட்ட கணக்கு. அதில் திறந்தவெளியில் கிடைக்கும் சிக்னல் தகரக் கூரைக்குள் கிடைக்காமல் போகலாம். மக்கள் வைத்திருக்கும் அதே மலிவு போனில், அங்கே ஓடும் எல்லா நிறுவனங்களின் சிம்களையும் போட்டு நடந்து பாருங்கள். சிக்னலின் வலிமையை டி.பி.எம். என்ற அலகில் அளப்பார்கள்; அது மைனஸ் 110 பக்கம் இறங்கினால் பணப் பரிமாற்றத்துக்கு அதை நம்ப முடியாது. கோடுகள் நிறையத் தெரிந்தாலும் நிம்மதி கொள்ள வேண்டாம். சிறு தொகையை உண்மையாகவே அனுப்பி, வந்து சேர்கிறதா என்று பாருங்கள். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, மின்வெட்டு நேரத்தில் ஒருமுறை.

செயலி வேண்டுமா, யு.எஸ்.எஸ்.டி. போதுமா என்பதும் இங்கேதான் தெரியவரும். நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண்ணை அழுத்தும் அந்த முறைக்கு இன்டர்நெட் வேண்டாம், 2ஜி போதும். ஆனால் நடுவில் தொடர்பு அறுந்தால் பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் மனிதர்கள் தவித்துப்போகிறார்கள். பல நாடுகளில் பழைய 2ஜி, 3ஜி சேவைகளை நிறுத்தி வருவதால், அங்கே அது எவ்வளவு காலம் இருக்கும் என்றும் கேட்டுவிடுங்கள். இன்னொன்று: ரோமன் எழுத்தில் 160 எழுத்துகள் பிடிக்கும் ஒரு குறுஞ்செய்தியில், தமிழ் போன்ற எழுத்துகளுக்கு 70 இடம்தான். நீளமாக எழுதினால் செய்தி துண்டுகளாகப் போகும், பழைய போனில் வெறும் கட்டங்களாகவும் தெரியலாம்.

பணத்தை எடுத்துக் கொடுக்கும் முகவருக்கும் இதே சோதனைதான். அவர் கருவிக்கு சார்ஜும் சிக்னலும் வேண்டும், கையில் ரொக்கமும் வேண்டும். எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பினால் நெட்வொர்க்கும் திணறும், ரொக்கமும் தீரும். ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து அனுப்புவது நல்லது.

இத்தனையும் பார்த்தபின் சரிவராது என்று தெரிந்தால், அதை அறிக்கையில் தயங்காமல் எழுதுங்கள். கையில் ரொக்கம், காகித வவுச்சர், நெட்வொர்க் இல்லாமல் இயங்கும் அட்டை என்று வேறு வழிகள் இருக்கின்றன. சில ஊர்களில் சோலார் சார்ஜிங் ஏற்பாடு ஒன்றே போதுமானதாக இருக்கும். அந்தப் பாட்டியின் ஊரில் நாங்கள் மாற்றியது மிகச் சிறியது. ரகசிய எண்ணுக்கான கெடுவை 3 நாளாக நீட்டினோம், செய்தியை மாலையில் அனுப்பினோம். மழைக்காலம் தொடங்கியதும் அங்கே மறுபடி போய் டவரைப் பார்த்துவிட்டு வந்தோம்.