படபடப்பும் நான்காவது கோப்பைக் காபியும்

மனநல மருத்துவர் மனத்தைப் பற்றித்தான் கேட்பார் என்று எதிர்பார்த்துப் பலரும் வருகிறார்கள். நானோ, நேற்றுக் காலை கண் விழித்தது முதல் இரவு படுத்தது வரை என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்றுதான் தொடங்குவேன். ஓரிருவர் இதற்காக எரிச்சலடைந்ததும் உண்டு.

சில மாதங்களுக்கு முன் வந்த ஓர் அலுவலர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்), தினமும் காலை 11 மணியளவில் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, ஏதோ கெட்டது நடக்கப்போவதாகப் பயம் வருகிறது என்றார். இசிஜி, தைராய்டு, ரத்தச் சர்க்கரை மூன்றிலும் குறையில்லை. முந்தைய நாளை விசாரித்தபோதுதான், இரவு ஒன்றரை மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுந்ததும், காலை உணவைத் தவிர்த்துவிட்டு 11 மணிக்குள் மூன்று கோப்பைக் காபி குடித்ததும், மாலை 7 மணிக்கு நான்காவது கோப்பை உள்ளே போனதும் தெரிய வந்தன.

காபியில் உள்ள தூண்டுபொருளான கஃபீனின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறுபடும். எனவே மாலை 7 மணிக் காபியில் பாதி, நள்ளிரவிலும் உடலில் தங்கியிருக்கும். தூக்கம் கெடும், மறுநாள் சோர்வு வரும், சோர்வைப் போக்க மறுபடியும் காபி வரும். இதயம் வேகமாகத் துடிப்பது கஃபீனாலா பயத்தாலா என்று மூளை நின்று விசாரிப்பதில்லை. துடிப்பைக் கண்டே பயப்படத் தொடங்கிவிடுகிறது.

மனநிலையோடு தொடர்புபடுத்தப்படும் செரோடோனின் என்ற வேதிப்பொருளில் சுமார் 90 விழுக்காடு குடலில்தான் உருவாகிறது, ஆகவே குடலைச் சரிசெய்தால் மனம் மகிழும் என்ற செய்தி இப்போது பரவலாகச் சுற்றுகிறது. முதற்பாதி சரி. ஆனால் அந்தச் செரோடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் புக முடியாது. குடலும் மூளையும் பேசிக்கொள்வது இரண்டையும் இணைக்கும் வேகஸ் நரம்பு போன்ற வேறு வழிகளில். எளிய விளக்கங்கள் எனக்குப் பொதுவாகவே சந்தேகத்தைத் தருகின்றன.

பரிசோதனையில் பிடிபடும் குறைகளும் உண்டு. வைட்டமின் பி12 குறைந்தால் மறதியும் மனச்சோர்வும் வரலாம். நீரிழிவுக்காக மெட்ஃபார்மினை நெடுநாள் எடுப்பவர்களுக்கு இந்தக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு அதிகம். இரும்புச்சத்துக் குறைவினால் வரும் களைப்பையும் சிடுசிடுப்பையும் வீட்டார் சோம்பேறித்தனம் என்றே நினைத்துவிடுகிறார்கள்.

உணவையே சிகிச்சையின் பகுதியாக வைத்துப் பார்த்த ஆய்வுகளில், ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் 2017இல் வெளியிட்டது முக்கியமானது. மனச்சோர்வு உள்ள 67 பேரில் ஒரு பிரிவினருக்கு 12 வாரங்கள் உணவு ஆலோசனையும், மறுபிரிவினருக்கு அதே காலம் நட்பான உரையாடலும் வழங்கப்பட்டன. நோய்க்குறிகள் பெருமளவு தணிந்தவர்கள் முதற்பிரிவில் சுமார் 32 விழுக்காடு, இரண்டாவதில் 8 விழுக்காடு. சிறிய ஆய்வுதான்; அதில் பெரும்பாலானோர் வேறு சிகிச்சையும் பெற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதால், இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

அந்த அலுவலரிடம் காபியைப் படிப்படியாகக் குறைக்கவும் (திடீரென நிறுத்தினால் தலைவலி வரும்), காலையில் எதையாவது சாப்பிடவும், படபடப்பு வந்த நேரங்களை ஒரு நோட்டில் குறிக்கவும் சொன்னேன். ஐந்தாவது வாரம் அவர் கொண்டுவந்த நோட்டில் படபடப்பு திங்கட்கிழமைகளில் மட்டுமே மிஞ்சியிருந்தது. அன்று அவர் மேலதிகாரிகள் முன் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். நோட்டைப் பார்த்த அன்றிலிருந்துதான் நாங்கள் அந்தப் பயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.