முன்பாயில் ஆடும் கம்பளி நூல்

புதுச்சேரியில் பாய்மரப் படகில் ஒரு சுற்றுப் போய்வந்த வாசகர் கேட்டிருக்கிறார்: “முன்பாயில் சின்னச் சின்னக் கம்பளி நூல் ஒட்டியிருந்தது. திருஷ்டிக்கா சார்?”

இல்லை. திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சையும் மிளகாயும் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் எத்தனையோ விசைப்படகுகளில் தொங்குகின்றன. அவை காற்றைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இந்த நூல் சொல்லும்.

முன்பாய் ஒரு முக்கோணம். முன் ஓரம் பாய்மரத்திலிருந்து படகின் முன்முனைக்கு இறங்கும் கம்பியோடு நிற்கும். பின்பக்கக் கீழ் மூலையைத் தாமான் கயிறு இழுத்துப் பிடிக்கும். அந்தக் கயிறு தளத்திலுள்ள ஒரு கப்பிக்குள் புகுந்து பின்னால் போகிறது. கப்பியோ ஒரு சின்னத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரக்கூடியது.

நகர்த்தினால் என்ன ஆகும்? மொட்டை மாடியில் காயும் வேட்டியின் கீழ் மூலையைப் பிடித்துப் பாருங்கள். நேராகக் கீழே இழுத்தால் பக்கவாட்டு ஓரம் விறைக்கும், அடி தொளதொளக்கும். பக்கவாட்டில் இழுத்தால் அடி விறைக்கும், ஓரம் படபடக்கும். கப்பி முன்னால் போனால் முதல் கதை, பாயின் மேல்பகுதி இறுகும். பின்னால் போனால் இரண்டாவது, மேல்பகுதி திறந்துகொள்ளும்.

மேலே கொஞ்சம் திறந்திருக்கத்தான் வேண்டும். நீர்ப்பரப்பை உரசும் காற்று மெதுவாகும். உயரத்தில் வேகம் அதிகம். ஈசிஆரில் பைக் ஓட்டும்போது பக்கக்காற்று முன்னாலிருந்து வருவதுபோல் தோன்றுமே, அதேதான் படகிலும். காற்றின் வேகம் கூடினால் அந்தத் தோற்றம் குறையும், ஆகவே மேல்காற்று இன்னும் பக்கவாட்டிலிருந்து வரும். எவ்வளவு திறப்பது என்பதை நூல் காட்டும். முன் ஓரத்தருகே மேலே, நடுவே, கீழே என்று மூன்று நூல். காற்று சீராக ஓடினால் பாயோடு படுக்கும், கலைந்தால் துள்ளும். படகை மெல்லக் காற்றை நோக்கித் திருப்பும்போது மேல்நூல் முதலில் துள்ளினால் கப்பியை முன்னே தள்ளு. கீழ்நூல் துள்ளினால் பின்னே.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். பழைய ஏற்பாட்டில் கப்பியை ஒரு முளை பிடித்திருக்கும். பாரம் இருக்கும்போது அசையாது. சாய்ந்த படகில் அலை அடிக்கும் பக்கம் தவழ்ந்துபோய், தாமானைத் தளர்த்தி, முளையைத் தூக்க வேண்டும். புதிய ஏற்பாட்டில் கப்பியின் முன்னால் ஒரே ஒரு கயிறு. இழுத்தால் முன்னே வரும். பின்னே தள்ளுவது யார்? தாமானேதான். அதன் இழுவிசை 100 கிலோ, மூலையிலிருந்து 45 பாகையில் இறங்கிக் கப்பியில் கிடையாகத் திரும்புகிறது என்று வையுங்கள். பின்னால் இழுப்பது முழு 100. முன்னால் இழுப்பதில் கிடைப்பகுதி 71. மிச்சம் 29 கிலோ கப்பியைப் பின்னே தள்ளுகிறது! நாலு மடங்கு கப்பிக் கட்டு போட்டால் கைக்கு 7 கிலோ சொச்சம்தான். ஆனால் மேல்நோக்கியும் 71 கிலோ தூக்குகிறது, அதனால்தான் உராய்வைக் குறைக்க அடியில் குண்டு பேரிங். விசை இணைகரத்தைக் கரும்பலகையிலேயே புதைக்கும் நம் பொறியியல் கல்லூரிகள், ஆளுக்கொரு சின்னப் படகு வாங்கினால் என்ன?

படகின் இரு பக்கமும் தாமானும் கப்பியும் அதை இழுக்கும் கயிறும் தனித்தனியே உண்டு. காற்று வரும் பக்கத்துக் கப்பியில் பாரம் இல்லை; அது தானாகப் பின்னால் ஓடாது. அதற்கு ஒரு ரப்பர் கயிறு.

போன மாதம் மத்தியானக் கொண்டல் காற்றில் நண்பர் படகில் நானே இழுத்துப் பார்த்தேன். ஒரு சாண் முன்னே வந்தது, மூன்று நூலும் பாயோடு படுத்தன. பெருமையாக நிமிர்ந்தேன். படகு மறுபக்கம் திரும்பியதும் மேல்நூல் குதியாட்டம் போட்டது.

“அந்தப் பக்கக் கயிறு சார்,” என்றார் நண்பர், சுக்கானை விடாமல்.