4 சதவீத ஏத்தத்துல நூறு வருஷப் பழைய நீராவி இன்ஜின் கூட்ஸ் வண்டியை எப்படி இழுக்குது?

நீராவி இன்ஜின்னு சொன்னாலே எல்லார் கண்ணும் பாய்லர் மேலயும் புகை மேலயும்தான் போகும், ஆனா ஒரு கூட்ஸ் வண்டி மலை ஏறுமா ஏறாதான்னு கடைசியில முடிவு பண்றது பாய்லர் இல்லைங்க, சக்கரம் தண்டவாளத்தைத் தொடுற இடம். ஒரு சக்கரம் தண்டவாளத்துல நிஜமா படுற இடம் சுமார் ஒரு சதுர சென்டிமீட்டர், அவ்ளோதான். அந்த மாதிரி எட்டு இடத்தை நம்பித்தான் நூத்துக்கணக்கான டன் மேல போகுது. இதை இன்னைக்கும் நேர்ல பாக்க முடியுற ஒரு இடம் அமெரிக்காவுல இருக்கு, கொலராடோவுக்கும் நியூ மெக்சிகோவுக்கும் நடுவுல ஓடுற கம்ப்ரெஸ் அண்ட் டோல்டெக் ரயில்வே.

1880-ல டென்வர் அண்ட் ரியோ கிராண்டே கம்பெனி போட்ட லைன் இது, தண்டவாள இடைவெளி வெறும் 3 அடி. ஆன்டனிட்டோ ஊர்லருந்து சாமா ஊர் வரைக்கும் 103 கிலோமீட்டர், நடுவுல கம்ப்ரெஸ் கணவாய், உயரம் 3,053 மீட்டர். மரம், ஆடு மாடு, கச்சா எண்ணெய், எண்ணெய் வயலுக்குப் போற இரும்புக் குழாய்னு எல்லாத்தையும் இழுத்துட்டு இருந்த இந்த லைன்ல 1968-ல கூட்ஸ் நின்னுபோச்சு. 1970-ல ரெண்டு மாநில அரசும் சேர்ந்து இந்தத் துண்டை வாங்கி காப்பாத்துனாங்க. இப்ப ஓடுறது பெரும்பாலும் டூரிஸ்ட் வண்டிதான், ஆனா போட்டோ எடுக்கறவங்க கூட்டா சேர்ந்து காசு கட்டி, தன்னார்வலர்கள் பழுதுபார்த்து வச்சிருக்கிற பழைய வேகன்களைக் கோத்து, அப்பப்ப கூட்ஸ் வண்டி ஓட்டுறாங்க. எனக்கு டூரிஸ்ட் வண்டியை விட இதுதான் முக்கியம்னு படுது, ஏன்னா அந்த இன்ஜினைக் கட்டுனதே இந்த வேலைக்குத்தான்.

இன்ஜின் பேரு கே-36. 1925-ல பால்ட்வின் கம்பெனி மொத்தம் 10 கட்டுச்சு, ஒண்ணு மட்டும் 1950-கள்ல உடைச்சு இரும்பாப் போச்சு, மீதி ஒன்பதும் இன்னும் இருக்கு, அதுல அஞ்சு இந்த லைன்ல. பேர்ல இருக்கிற 36 சும்மா வச்சது இல்ல, இழுவிசை சுமார் 36,000 பவுண்டுன்னு அர்த்தம், அதாவது 16 டன்னுக்குக் கொஞ்சம் மேல. இழுக்கற சக்கரம் எட்டு, விட்டம் 44 அங்குலம்தான். எக்ஸ்பிரஸ் இன்ஜின்ல ஆள் உயரத்துக்கு சக்கரம் இருக்கும், அது வேகத்துக்கு. சக்கரம் சின்னதா இருந்தா பிஸ்டன் ஒரு தடவை போய்வரும்போது வண்டி கொஞ்ச தூரம்தான் நகரும், ஆனா அதே அளவுக்கு பலம் கூடும்.

இப்ப கணக்கைப் பாருங்க. சாமாவுலருந்து கம்ப்ரெஸுக்கு ஏத்தம் 4 சதவீதம், 100 மீட்டர் போனா 4 மீட்டர் மேல. அப்ப ஒவ்வொரு டன்னையும் புவியீர்ப்பு 40 கிலோ விசையில பின்னாடி இழுக்கும், அதோட உராய்வு, வளைவுல சக்கரம் உரசுறது எல்லாம் சேர்த்து தோராயமா 50 கிலோன்னு வச்சுக்கலாம். இன்ஜினோட இழுவிசை 16,400 கிலோ, அதை 50-ஆல வகுத்தா சுமார் 330 டன். அதுல இன்ஜினும், கரியும் தண்ணியும் வச்சு பின்னாடி வர்ற டெண்டர் வண்டியுமே 130 டன்! மிச்சம் 200 டன், லோடு ஏத்துன வேகன் அஞ்சாறு. அதே இன்ஜின் ஆன்டனிட்டோ பக்கத்துலருந்து வந்தா ஏத்தம் அதிகபட்சம் 1.42 சதவீதம்தான், 500 டன்னுக்கு மேலயே இழுத்துடும். இன்ஜின்ல ஒரு போல்ட்டைக்கூட மாத்தல, சரிவு மட்டும்தான் மாறுது, ஆனா லோடு ரெண்டு மடங்குக்கு மேல.

சரி, இன்னும் பெரிய சிலிண்டர் போட்டா கூட இழுக்குமேன்னு தோணும். இழுக்காது, சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும். எட்டு சக்கரத்து மேல உக்காந்திருக்கிற எடை சுமார் 65 டன், இரும்பு மேல இரும்பு உருளும்போது அந்த எடையில கால்வாசி அளவுக்குத்தான் நம்பி இழுக்க முடியும், 65-ல கால்வாசி 16. அதாவது டிசைன் பண்ணவங்க எல்லைக்கோட்டு மேலயே கொண்டுபோய் நிறுத்திருக்காங்க. அதுலயும் பிஸ்டன் தள்ளுற விசை ஒரே சீரா இருக்காது, சக்கரம் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள ஏறி இறங்கும், அந்த உச்சத்துல தண்டவாளம் கொஞ்சம் ஈரமா இருந்தாலோ இலை விழுந்திருந்தாலோ வழுக்கிடும். ஒரு தடவை வழுக்குனா உராய்வு இன்னும் குறையும், அதனால டிரைவர் உடனே ஆவியைக் குறைச்சு, பிடிப்பு வந்ததும் மறுபடி திறக்கணும். பாய்லர் முதுகுல திமில் மாதிரி தெரியுறதுல ஒண்ணு மணல் தொட்டி, சூட்டுல மணல் காஞ்சே இருக்கும், குழாய் வழியா சக்கரத்துக்கு முன்னாடி தூவுவாங்க. நம்ம நீலகிரி ரயில்ல 8.33 சதவீத ஏத்தம், அங்க மணல் போட்டாலும் பத்தாது, அதனாலதான் நடுவுல பல் தண்டவாளம். இங்க பல் கிடையாது, வெறும் பிடிப்புதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு, நெருப்பு தன்னைத்தானே பாத்துக்கறது. பாய்லர்ல அழுத்தம் 195 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு 195 பவுண்டு), அந்த அழுத்தத்துல தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, சுமார் 197 டிகிரி வேணும். அந்த ஆவியை இன்னும் சூடாக்கி சிலிண்டருக்கு அனுப்பி, அது பிஸ்டனைத் தள்ளி முடிச்சதும் சும்மா வெளிய விடறது இல்ல. புகைபோக்கிக்கு நேர் கீழ ஒரு குறுகலான வாய் வழியா மேல பீச்சி அடிக்கும், அந்த வேகத்துல முன்பக்க அறையில இருக்கிற புகையையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும், அங்க அழுத்தம் குறையும், உடனே பின்னாடி அடுப்புல கரிக்கு அடியிலருந்து புதுக் காத்து உள்ள பாயும். ஊதாங்குழல் வேலைதான், ஆனா ஊதாம எதிர்ப்பக்கத்துலருந்து உறிஞ்சுது. லோடு கூடுனா ஆவி கூடப் போகும், உறிஞ்சல் கூடும், நெருப்பு கூடும், ஆவி கூடும். எந்த கன்ட்ரோலும் இல்லாம தேவைக்கு ஏத்த மாதிரி அடுப்பு எரியுது! 1829-ல ஸ்டீபன்சனோட ராக்கெட் இன்ஜின்லயே இந்த ஏற்பாடு இருந்துச்சு. அந்த 'சக் சக்' சத்தம் இதுதான், ரெண்டு சிலிண்டர், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பக்கம், சக்கரம் ஒரு சுத்துக்கு நாலு சத்தம். மணிக்கு 10 கிலோமீட்டர்ல ஏறும்போது செகண்டுக்கு மூணு சத்தம் வரும், காதால எண்ணிப் பாக்கலாம். இதுல ஒரு கெடுதலும் இருக்கு, ரொம்ப பலமா உறிஞ்சுனா பொறி மேல பறந்து காட்டுல விழும், அதனால வறண்ட காலத்துல வண்டிக்குப் பின்னாடியே ஒரு சின்ன மோட்டார் வண்டியில ஆள் வந்து தீ பிடிச்சிருக்கான்னு பாத்துக்கிட்டே வருவாங்க.

ஃபயர்மேன் கரி அள்ளிப் போடுறதோட வேலை முடியல, தண்ணி மட்டத்தையும் பாக்கணும், உண்மையில உயிர் போற விஷயம் அதுதான். அடுப்புக்கு மேல இருக்கிற இரும்புக் கூரை எப்பவும் தண்ணிக்குள்ள முழுகி இருக்கணும், தண்ணி இறங்கிட்டா தகடு பழுத்து மெலிஞ்சு, அழுத்தத்துல பிச்சுக்கிட்டு பாய்லர் வெடிச்சிடும். அடுப்பு இருக்கிறது பாய்லரோட பின்பக்கம். மூக்கு மேல தூக்கி ஏறும்போது தண்ணி பின்னாடி ஒதுங்கி கூரையை நல்லா மூடிக்கும், கண்ணாடிக் குழாய்ல நிறைய தண்ணி இருக்கிற மாதிரி தெரியும். கணவாயைத் தாண்டி மூக்கு கீழ சாஞ்சதும் அதே தண்ணி முன்னாடி ஓடிடும், ஒரு லிட்டர்கூட குறையாமலே கூரை மேல மட்டம் இறங்கிடும். அதனால உச்சி வர்றதுக்கு முன்னாடியே கூடுதலா தண்ணி ஏத்தி வச்சுக்கணும், லோடு இழுக்கற நேரத்துல குளிர்ந்த தண்ணியை உள்ள விட்டா ஆவி குறையும், ரெண்டையும் சமாளிக்கறதுலதான் ஃபயர்மேன் திறமை தெரியும்.

200 டன் பத்தலன்னா? ரெண்டு இன்ஜின் போடுவாங்க, ஒண்ணு முன்னாடி, இன்னொண்ணு அதுக்கு அடுத்தாப்லயோ வண்டி நடுவுலயோ. ஆனா வழியில லோபாட்டோ பாலம் வருது, சுமார் 30 மீட்டர் உயரம், ரெண்டு இன்ஜினோட எடையை ஒரே நேரத்துல ஏத்தக்கூடாது. அதனால முன் இன்ஜினைக் கழட்டி தனியா அந்தப்பக்கம் அனுப்பிட்டு, மீதி வண்டி வந்ததும் மறுபடி கோப்பாங்க. பெரிய வண்டின்னா சாமாவுலயே ரெண்டா வெட்டி, முதல் பாதியைக் கணவாய்ல விட்டுட்டு இறங்கி வந்து அடுத்த பாதியை எடுத்துட்டுப் போவாங்க.

ஏத்தத்தைவிட இறக்கம்தான் ஆபத்துன்னு நான் சொல்வேன். ஏத்தத்துல தப்பு நடந்தா வண்டி நிக்கும், இறக்கத்துல நிக்காது. 200 டன் வேகன் கம்ப்ரெஸ்லருந்து சாமாவுக்கு 650 மீட்டர் கீழ இறங்கும்போது வெளிய வர்ற சக்தி சுமார் 350 யூனிட் கரண்டுக்கு சமம், அதுல பெரும்பகுதி பிரேக் கட்டையிலயும் சக்கரத்துலயும் சூடா மாறணும். ஏர் பிரேக்ல வண்டி முழுக்க ஓடுற குழாயோட அழுத்தத்தைக் குறைச்சா பிரேக் பிடிக்கும், கூட்டுனா விடும். ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் வேகன் அடியில இருக்கிற தொட்டியிலருந்து காத்து செலவாகும், அதை நிரப்பணும்னா பிரேக்கை விடணும், விட்டா வண்டி ஓட ஆரம்பிச்சிடும். இந்த சிக்கலுக்குத்தான் ஒவ்வொரு வேகன்லயும் ரிடெய்னர்னு ஒரு சின்ன வால்வு. கணவாய்ல வண்டியை நிறுத்தி பிரேக்மேன் வேகன் வேகனாப் போய் கைப்பிடியைத் திருப்பி வைப்பார். அதுக்கப்புறம் டிரைவர் பிரேக்கை விட்டாலும் சிலிண்டர்ல கொஞ்சம் காத்து மாட்டிக்கிட்டு கட்டை லேசா அழுத்திக்கிட்டே இருக்கும், அந்த நேரத்துல தொட்டி நிரம்பிடும், அடுத்த பிடிக்குக் காத்து தயார். கீழ சமதளம் வந்ததும் மறுபடி ஒவ்வொண்ணா திருப்பி விடணும், ஒண்ணை மறந்தாலும் அந்த வேகன் பிரேக் பிடிச்சபடியே இழுபட்டு சக்கரம் சூடேறிடும்.