ஏற்காட்டின் முதல் எண் கெடுக்கும் கணக்கு

ஏற்காடு, மலையடிவாரம், சேலம் நகரம் என மூன்று இடங்களில் மணிக்கொரு முறை வெப்பநிலை பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 365 நாள், 24 மணி, 3 இடம். ஆக 26,280 எண்கள். பைத்தான் நிரல்மொழியில் இது (365, 24, 3) வடிவமுள்ள அரே, அதாவது எண்களின் அடுக்கு. எல்லாவற்றையும் ஃபாரன்ஹீட்டாக்க, ஒவ்வொரு எண்ணாகச் சுற்றிவரும் ஃபார் லூப்பை மூன்றடுக்காக எழுத வேண்டாம். எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) நூலகத்தில் 'வெப்பம் * 1.8 + 32' என்ற ஒரே வரி போதும். வடிவம் மாறாது, எண்கள் மட்டுமே மாறும்.

எண்ணுக்கு 8 பைட் வீதம் அத்தனையும் நினைவகத்தில் அடுத்தடுத்து கிடக்கின்றன. பரிமாணம் எத்தனையானாலும் அடியில் ஒரே நீள வரிசைதான். அதன்மேல் சி மொழியில் எழுதிய லூப் ஓடுவதால்தான் இவ்வளவு வேகம்.

தகராறு, 'இப்படியென்றால் இதைச் செய்' என்று சொல்லும் இஃப்பில் தொடங்குகிறது. '15 டிகிரிக்குக் கீழே என்றால் 0, இல்லையென்றால் 15-ஐக் கழித்த மீதி' என்று ஒரு ஃபங்ஷன் எழுதி, அதற்குள் முழு அரேயையும் கொடுத்தால் வேல்யூ எரர் வரும். 26,280 ஆம்-இல்லைகளில் எதைக் கேட்டு இஃப் முடிவெடுக்கும்? உடனே பலரும் கைவைப்பது வெக்டரைஸ், அதாவது ஃபங்ஷனை அரேயின் ஒவ்வொரு எண்ணுக்கும் ஓட்டித் தரும் நம்பைக் கருவி. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே ஓடுவது பைத்தான் லூப்தான், வேகம் கிடைக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. விடை என்ன டைப் என்பதை அது முதல் எண்ணின் விடையைப் பார்த்தே முடிவு செய்கிறது. அரேயின் முதல் எண் ஏற்காட்டின் ஜனவரி நள்ளிரவு, 14.2 என்றால் விடை 0, அதாவது முழு எண். அதன்பின் 18.7-க்கு 3.7 வர வேண்டிய இடத்தில் 3 வரும். எச்சரிக்கைகூட இருக்காது! வெக்டரைஸில் விடையின் டைப்பைச் சொல்லும் 'ஓடைப்ஸ்' என்ற இடத்தில் ஃப்ளோட் (தசம எண்) என்று எழுதினால் இது சரியாகும். இஃப்பையே விட்டுவிட்டு 'என்பி.மாக்ஸிமம்(வெப்பம் - 15, 0)' என்று, இரண்டில் பெரியதை எடுக்கும்படி எழுதுவது (என்பி என்பது நம்பையின் சுருக்கம்) அதைவிட நல்லது, வேகமும் திரும்பிவிடும்.

அடுத்தது உயரத் திருத்தம், அதாவது ஏற்காட்டின் வெப்பத்தைச் சேலத்தின் உயரத்துக்கு ஏற்ப மாற்றுவது. 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஏற்காடு சேலத்தைவிட ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் என்பதால், கூட்ட வேண்டியது சுமார் 8 டிகிரி. 'வெப்பம் + [8, 0, 0]' என்றால் நம்பை வடிவங்களை வலது ஓரத்திலிருந்து பொருத்திப் பார்க்கும். 3-க்கு 3 சரி. மணிவாரியாக 24 திருத்தங்களை அப்படியே கூட்டினால் 3-க்கு 24 பொருந்தாமல் பிழை வரும். அவற்றை (24, 1) வடிவமாக மாற்றிக் கூட்ட வேண்டும். மூன்றுக்குப் பதில் 24 இடங்களில் கருவி இருந்திருந்தால் பிழையே வந்திருக்காது. மணிக்கான திருத்தம் சத்தமில்லாமல் இடங்களின் மேல் ஏறியிருக்கும்.