கண்ணை மூடிக்கொண்டா தெருவில் நடக்க முடியும்?

உணவுப் பழக்கத்தை மாற்றுவது பற்றி ஒரு நோயாளியிடம் பேச, மருத்துவராகிய எனக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். வெளியே போய்ப் பேருந்துக்கு அவர் காத்திருக்கும் நேரம் அதைவிட அதிகம். அங்கே ஆளுயரப் பலகையில் குளிர்பான விளம்பரம்.

தொலைக்காட்சியில் வந்தால் சேனலை மாற்றலாம். தெருவில் நிற்கும் தின்பண்ட, குளிர்பான, மது விளம்பரங்களை என்ன செய்வது? எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் பார்க்கிறது, குடியை விடப் போராடுபவரும் பார்க்கிறார். வருமானம் குறைந்த மக்கள் வாழும் பகுதிகளில் இந்த விளம்பரங்கள் அதிகமாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் சர்க்கரை நோயும் பல்சொத்தையும் ஏற்கெனவே அதிகம் வதைப்பது இவர்களைத்தான். பெற்றோர் கண்டிப்பாக இருந்தால் போதும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாள் முழுக்க உழைத்துவிட்டு வரும் தாய், தெருமுனை வரை நீளும் விளம்பரங்களோடும் மல்லுக்கட்ட வேண்டுமா?

தடுத்தால் பலன் உண்டா? லண்டனில் பொதுப் போக்குவரத்துத் துறை, கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளின் விளம்பரத்தை 2019 பிப்ரவரியில் தன் ரயில், பேருந்து, நிறுத்தங்களில் தடை செய்தது. தடை வராதிருந்தால் வாங்கியிருக்கக்கூடிய அளவோடு ஒப்பிட்டால், இவ்வகை உணவுகளில் ஒரு வீட்டுக்கு வாரம் சுமார் 1,000 கலோரி குறைந்ததாக 2022-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சாக்லேட், இனிப்பு வகைகளில்தான் சரிவு அதிகம். விளம்பர வருமானம் போய்விடும் என்ற அச்சமும் பலிக்கவில்லை. அதே நிறுவனங்கள் சத்தான பொருள்களை விளம்பரப்படுத்த வழி இருந்ததே! முழுத் தடையும் சாத்தியமே: பிரேசிலின் சாவோ பாலோ நகரம் 2007-இல் எல்லா வகை விளம்பரப் பலகைகளையும் அகற்றியது.

ஆனால் ஓட்டை வைத்த விதி உதவாது. பள்ளியைச் சுற்றி மட்டும் தடுத்தால், பிள்ளைகள் வந்துபோகும் வழியில் பலகை முளைக்கும். பொருளைக் காட்டாமல் நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் மட்டும் காட்டினாலும் ஆசை தூண்டப்படும். மதுவின் பெயரிலேயே சோடாவை விளம்பரப்படுத்துவதும் அப்படித்தான். இதனால்தான் புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு, விளம்பரத்தோடு, நிகழ்ச்சிகளுக்கு நிறுவனங்கள் தரும் நிதி ஆதரவையும் சேர்த்து முழுத் தடை கேட்கிறது.

நிழற்குடைகள், நிலையங்கள் பெரும்பாலும் அரசுக்கோ உள்ளாட்சிக்கோ சொந்தமானவை. அங்கே புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, விளம்பர ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தாலே போதும். உங்கள் பகுதியின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று விசாரியுங்கள். புதுப்பிப்பதற்கு முன்பே மனுக் கொடுங்கள். உங்கள் மருத்துவரையும் கையெழுத்திடச் சொல்லுங்கள்.