எக்கோ நன்றாக இருக்கிறது, நெஞ்சு ஏன் இன்னும் அடித்துக்கொள்கிறது?

நெஞ்சுப் படபடப்புக்கு ஒருமுறை எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார்களா? அப்படியானால் தயவுசெய்து அதே வருடத்தில் இன்னொரு எக்கோவுக்காகக் கண்டிக்கு பஸ் ஏறாதீர்கள். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அண்மையில் கிளினிக்குக்கு வந்த ஓர் அக்கா, மஸ்கெலியாப் பக்கம் கொழுந்து பறிப்பவர், பொலித்தீன் பையிலிருந்து மூன்று எக்கோ ரிப்போர்ட்டுகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். மூன்றிலும் ஒரே விஷயம்தான்: இதயம் நன்றாகச் சுருங்கி விரிகிறது, வால்வுகளில் பழுதில்லை. மூன்றாவது ரிப்போர்ட்டுக்காகக் காதுத்தோட்டை அடகு வைத்திருக்கிறார். பை முழுக்கத் தேடியும் ஒரு ஹீமோகுளோபின் ரிப்போர்ட் இல்லை. எடுத்துப் பார்த்தோம், 8.4. 12க்குக் கீழே போனாலே இரத்தசோகை. கீழ் இமையை இழுத்து, உள்ளே வெளிறியிருக்கிறதா என்று பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். அதைக்கூட யாரும் செய்யவில்லை. (ஆள் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இப்படி வருபவர் இவர் ஒருவர் மட்டுமல்ல. அதனால் எந்தப் பரிசோதனை எதைப் பார்க்கிறது என்பதை ஒருமுறை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எக்கோ என்பது இதயத்தின் அமைப்பைப் பார்க்கும் ஸ்கேன். அறைகள் பெருத்திருக்கின்றனவா, சுவர் தடித்திருக்கிறதா, வால்வு ஒழுகுகிறதா என்று அது காட்டும். சிறுவயதில் வாதக்காய்ச்சல் வந்து வால்வு கெட்டுப்போனவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களை எக்கோ பிடித்துவிடும். எனவே டொக்டர் கேட்டால் ஒருமுறை எடுப்பது நியாயம்தான். ஆனால் துடிப்பு எப்போதாவது தாளம் தப்புகிறதா என்று பார்ப்பது எக்கோவின் வேலை இல்லை. தேயிலைத் தொழிற்சாலையை வெளியே நின்று எத்தனை தடவை படம் பிடித்தாலும், உள்ளே ராத்திரியில் கரண்ட் எப்போது போய் வந்தது என்று அந்தப் படத்தில் தெரியுமா? முதல் எக்கோவில் தெரியாதது ஆறு மாதம் கழித்து எடுக்கும் எக்கோவிலும் தெரியாது. கண்டியில் தெரியாதது கொழும்பில் செனல் பண்ணிப் பார்த்தாலும் தெரியப்போவதில்லை.

தாளத்தைப் பார்ப்பது ஈ.சீ.ஜீ. ஆனால் சாதாரண ஈ.சீ.ஜீ. பதிவது சுமார் 10 விநாடிதான். இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அதில் பத்துப் பன்னிரண்டு துடிப்பை மட்டும் தாளில் பார்க்கிறோம். அதுவும் எப்போது? லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கி, ஆட்டோ பிடித்து, ஓ.பீ.டீ. வரிசையில் நின்று, உங்கள் முறை வரும்போது. அதற்குள் படபடப்பு நின்று ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அப்புறம் ஈ.சீ.ஜீ. நன்றாக இருக்காமல் என்ன செய்யும்? நெஞ்சில் கருவியைக் கட்டி 24 மணி நேரம் பதியும் ஹோல்டர் இதைவிட மேல். ஆனால் பத்து நாளுக்கு ஒருமுறை வரும் படபடப்பு, ஹோல்டர் கட்டிய அந்த ஒரு நாளைப் பார்த்து வரும் என்று யார் சொன்னது?

ஆக, ரிப்போர்ட் சரியாக இருக்கிறது என்றால் அந்தப் பரிசோதனை பார்த்த இடத்தில், பார்த்த நேரத்தில் பழுதில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான். பெரிய நோய் எங்கேயோ ஒளிந்திருக்கிறது, டொக்டருக்குப் பிடிபடவில்லை என்று இதை வைத்துப் பயப்படக் கூடாது. அதேபோல மாமியாரும் கணவரும் இதையே கையில் வைத்துக்கொண்டு “ஒன்னுமில்லைன்னு டொக்டரே சொல்லிட்டாரு, இவ வேலைக்குப் போகாம நடிக்கிறா” என்று சொல்லவும் கூடாது. அவர் நெஞ்சு அடிப்பது நிஜம். டொக்டர்மாரான நாங்களும் “ஒன்றுமில்லை, போய்ட்டு வாங்க” என்று ஒரே வரியில் அனுப்பிவிடுகிறோம். வரிசை வாசல்வரை நிற்கும்போது நிதானமாகப் பேச நேரமில்லை என்பது உண்மை. ஆனாலும் அந்த ஒரு வரிதான் ஆளை இன்னொரு ஸ்கேனுக்குத் துரத்துகிறது.

பெரும்பாலானவர்களுக்கு இருப்பது இடையில் வரும் உபரித் துடிப்பு. ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருகிறது, சின்ன இடைவெளி விழுகிறது, அடுத்தது கொஞ்சம் பலமாக அடிக்கிறது. அந்தப் பலமான அடியைத்தான் “நெஞ்சு ஒருதரம் நின்னு அடிச்சிச்சு” என்கிறார்கள். சுகமாக இருப்பவர்களுக்கும் ஹோல்டர் கட்டினால் இது ஓரளவு பதிவாகும், ஆனால் பலருக்கு அது உறைப்பதில்லை. இரவில், சந்தடி அடங்கியபின், இடது பக்கம் சாய்ந்து படுத்தால் நன்றாகத் தெரியும். பகல் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கும்போது ஒன்றுமில்லை, படுத்த பிறகுதான் வருகிறது என்று யாராவது சொன்னால் எனக்குப் பாதி நிம்மதி. வேலை செய்யும்போது அடங்கி ஓய்வில் வருவது பெரும்பாலும் நல்ல ரகம். ஏறும்போது வந்து, கண் இருட்டி விழுவதுதான் கெட்ட ரகம். அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, எக்கோவுக்குப் போன காசில் எதைப் பார்த்திருக்க வேண்டும்? முதலில் இரத்தம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால், கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. இரத்தம் குறைந்தால் இதயம் ஓடத்தான் செய்யும், அதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. மாதவிடாய் அதிகம் போகிறவர்கள், அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவர்கள், பெரும்பாலும் ரொட்டியும் சம்பலும் மட்டும் சாப்பிடுபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை தந்தால் மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையைக் கானுக்குள் வீசாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் போல் குடிக்க வேண்டிவரும். முக்கியமாக, மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். சோற்றோடும் தேத்தண்ணி வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். தேயிலையில் உள்ள ஒரு பொருள் சாப்பாட்டில் வரும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேயிலை மலையில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது தைரொயிட் என்ற கழுத்துச் சுரப்பி. அது அதிகம் சுரந்தாலும் நெஞ்சு ஓடும். ஒரு இரத்தப் பரிசோதனை போதும். மெலிந்துகொண்டே போய், கை நடுங்கி, இந்தக் குளிரிலும் வியர்க்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாவது, நீங்களே விழுங்கும் மருந்து. மழையும் குளிரும் உள்ள ஊரில் இழுப்புக்கு, அதாவது ஆஸ்துமாவுக்கு, பஞ்சமில்லை. இழுப்புக்குத் தரும் சல்பியூட்டமோல் மாத்திரை கையை நடுங்கவைக்கும், நெஞ்சையும் ஓடவைக்கும். அதுவே மூச்சோடு இழுக்கும் பம்ப் என்றால் குறைந்த அளவு மருந்து நேரே சுவாசப்பைக்குப் போகிறது. பம்ப் பிடித்தால் பழகிவிடும் என்று அதை ஒதுக்கிவிட்டு மாத்திரையை வருடக்கணக்காக விழுங்குகிறவர்களைப் பார்த்தால் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் சில தடிமல் மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் அப்படித்தான்.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம் எனக்கு உண்மையாகவே பயம் தருகிறது. பக்கத்துக் காம்பராவில் ஒருவருக்குப் படபடப்புக்கு புரொப்ரனலோல் கொடுத்திருப்பார்கள். குணம் தெரிந்ததும் அவர் நாலு மாத்திரையை அடுத்த வீட்டுத் தங்கச்சிக்குக் கொடுப்பார். அந்தத் தங்கச்சிக்கு இழுப்பு இருந்தால் அது மூச்சுக்குழாயை இறுக்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். இழுப்புள்ளவருக்கு அந்த மாத்திரை ஆகாது. சீனி, சம்பல், மிளகாய்த்தூள் எல்லாம் கைமாற்றுங்கள், மாத்திரையை மட்டும் வேண்டாம்.

நான்காவது, தண்ணீர். மலையில் ஒதுங்க இடமில்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண்கள் எத்தனையோ பேர். வெறும் வயிற்றில் சாயத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வெயிலில் நின்றால் தலை சுற்றும், நெஞ்சு அடிக்கும். கழிப்பறை கட்டித்தருவது என் கையில் இல்லை. அது கட்டவேண்டியவர்களுக்குத் தெரியும்.

தேத்தண்ணி மேல் மட்டும் முழுப் பழியையும் போடாதீர்கள். மூன்று நாலு கோப்பை பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டு வாரம் குறைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் குறையுங்கள், தெரியாவிட்டால் நிம்மதியாகக் குடியுங்கள்.

இனி மனம். இதைச் சொன்னதும் “டொக்டர் என்னைப் பைத்தியம் என்கிறார்” என்று முகம் சுருங்கிவிடுகிறது. கிழமை லோன்காரன் வாசலில் நிற்கிறான், மகள் குவைத்தில் வீட்டுவேலைக்குப் போய் இரண்டு மாதமாகப் பேசவில்லை, 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போனதை அறிந்தவர்கள் அடைமழை இரவுகளில் விழித்தே கிடக்கிறார்கள். இப்படி இருக்கும்போது உடம்பில் அட்ரினலின் சுரக்காமல் இருந்தால்தான் அதிசயம். திடீரென்று நெஞ்சு அடித்து, கை விறைத்து, செத்துவிடுவேனோ என்று தோன்றி, பத்து நிமிடத்தில் உச்சிக்குப் போய் இறங்குவது பதற்றத் தாக்குதல். அதற்கு வைத்தியம் உண்டு. மனம்விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் 1926க்கு அழைக்கலாம், அது தேசிய மனநல உதவி எண்.

படபடப்பு வரும்போது என்ன செய்வது? உட்காருங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஒழுங்காக அடிக்கிறதா, இடையில் தப்புகிறதா, கன்னாபின்னாவென்று அடிக்கிறதா என்பதையும் கவனியுங்கள். தேதி, நேரம், எண்ணிக்கை, அதற்கு முன் செய்த வேலை, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எனக்கு நாலு எக்கோவைவிட அந்தக் கொப்பி உதவும். ஆனால் வராத நேரத்தில் நாடியைப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய கைக்கடிகாரத்தில் 92 என்று வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடிவரும் அம்மாமாரே, 60க்கும் 100க்கும் இடையில் எல்லாம் சரிதான். ராத்திரியில் அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

சுவிட்ச் போட்டதுபோல் திடீரென்று தொடங்கி, 150க்கு மேல் ஒரே சீராக ஓடி, திடீரென்று நின்றால் அது வேறு விஷயம். அங்கே இதயத்துக்குள் ஓடும் மின்பாதையில் கோளாறு இருக்கலாம். அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்த ஆஸ்பத்திரி கிட்டவோ அங்கே போய் ஈ.சீ.ஜீ. எடுங்கள், பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்று இல்லை. அந்த ஒரு தாள் கிடைத்தால் நோய்க்குப் பெயர் கிடைத்துவிடும், பலருக்கு முழுதாகக் குணமாக்கவும் வழி உண்டு. மூச்சை அடக்கி முக்கி நிறுத்தும் முறையை டொக்டரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். அதை நிறுத்தக் கழுத்து நாடியை அமுக்கும் வேலையை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம்.

மயங்கி விழுந்தாலோ, நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறலோடு வந்தாலோ, ஓய்வாக இருந்தும் 120க்கு மேல் நிற்காமல் ஓடினாலோ 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசம். ஏறும்போதோ ஓடும்போதோ படபடப்பு வருபவர்களும், குடும்பத்தில் 40 வயதுக்கு முன் திடீரென்று இறந்தவர்கள் உள்ளவர்களும், முன்பு ரிப்போர்ட் எப்படி இருந்தாலும் மறுபடி காட்டத்தான் வேண்டும். அவர்களுக்கு நான் மேலே திட்டியது பொருந்தாது.

வரும்போது குடிக்கிற மாத்திரை எல்லாவற்றையும், நாட்டு மருந்துத் தூள் உட்பட, பையோடு கொண்டு வாருங்கள். பழைய ஈ.சீ.ஜீ.யும் வேண்டும். அந்தத் தாள் நாளடைவில் மங்கிவிடும், அதனால் எடுத்த அன்றே போனில் படம் பிடித்து வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லெமினேட் மட்டும் பண்ணாதீர்கள். சூடு பட்டால் முழுத் தாளும் கறுத்துவிடும்.